வண்டி நம்பர் தெரியாத சாவு

விபத்து வழக்குக்காக ஒரு குடும்பம் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது வண்டி நம்பரை. இறந்தவருக்கு என்ன வயது, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வீட்டில் பிணம் எடுத்து ஈரம் காயாத நேரத்தில் இப்படிக் கேட்பது கல்மனசு போலத் தோன்றும். ஆனால் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கிற எந்த வக்கீலும் அப்படித்தான் கேட்பார். நம்பர் இருந்தால் அது ஒரு வழக்கு. இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிச்சம் என்பதை நான் என் தொழிலில் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டேன். அதை எழுதவே இந்தக் கட்டுரை.

நான் வழக்கு நடத்துவது விழுப்புரத்தில். சென்னையிலிருந்து தெற்கே போகிற வண்டிகளில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும். நாற்கரச் சாலை வந்த பிறகு ஊர் ஒரு பக்கமும் கழனி மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கிற கிராமங்கள் இங்கே நிறைய. பால் ஊற்றப் போகிறவர், டீக்கடைக்குப் போகிறவர், மாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர் எல்லோரும் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள். தை, ஆடி மாதங்களில் கோயில்களுக்கு நடந்து போகிற கூட்டம் சாலையோரத்திலேயே இரவு முழுக்க நடக்கும். விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஒரு லாரியோ காரோ இடித்துவிட்டு நிற்காமல் போனால் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். முதல் தகவல் அறிக்கையில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று எழுதப்படும்.

அந்த மூன்று சொற்களின் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முப்பத்து நான்கு வயது கொத்தனார் ஒருவர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னபடி, சொந்தத் தொழில் செய்கிற நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். மாதம் 21,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 2009இல் சரளா வர்மா வழக்கு தந்த அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. முப்பது லட்சத்து இருபத்து நாலாயிரம் ரூபாய். ஈமச் செலவு, உறவிழப்பு போன்ற தலைப்புகளை இன்னும் சேர்க்கவில்லை. வண்டி நம்பரும் அதற்கு இன்சூரன்ஸும் இருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வழங்கக்கூடிய தொகை இது.

அதே மனிதர், அதே சாலை, அதே சாவு. வண்டி மட்டும் நிற்காமல் போய்விட்டது. கிடைப்பது இரண்டு லட்சம். அதுவும் கேட்டால்.

இந்த இரண்டு லட்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தவர் குடும்பத்துக்கு அரசு ஏற்பாட்டில் ஏதாவது தர வேண்டும் என்று 1982இல்தான் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு சேர்த்தார்கள். உயிருக்கு 5,000 ரூபாய், கொடுங்காயத்துக்கு 1,000. 1988இல் புதுச் சட்டம் வந்தபோது 8,500, 2,000. 1994 திருத்தத்தில் 25,000, 12,500. அந்த இருபத்தைந்தாயிரம் 2022 வரை அப்படியே நின்றது. தங்கம் விலை, அரிசி விலை, சித்தாள் கூலி எல்லாம் எங்கேயோ போன பிறகும் ஓர் உயிருக்கு இருபத்தைந்தாயிரம்தான். நாங்கள் அதைச் ‘சொலேஷியம்’ என்போம். சீனியர்கள் பலர் அதற்கு மனுப் போடுவதே வீண் என்று நினைத்தார்கள். அலைச்சலுக்கும் நகல் செலவுக்குமே பாதி போய்விடும் என்பார்கள். அவர்கள் சொன்னது தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த வாசல் புழக்கத்தில் இல்லாமல் போனது.

2019 திருத்தச் சட்டம் தொகையை உயிருக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் என்று உயர்த்தியது. புதிய திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நடைமுறை காகிதத்தில் எளிது. விபத்து நடந்த பகுதிக்குரிய கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள ஓர் அதிகாரி விசாரணை அலுவலர். அவர் ஒரு மாதத்தில் அறிக்கை தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் பதினைந்து நாளில் உத்தரவிட வேண்டும். அடுத்த பதினைந்து நாளில் பொதுக் காப்பீட்டு மன்றம் பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். தீர்ப்பாயம் வேண்டாம், எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை, யார் மேல் தப்பு என்ற வாதம் இல்லை.

இவ்வளவு எளிதான வழியில் எத்தனை பேர் போனார்கள் தெரியுமா? 2022ஆம் ஆண்டில் நாடு முழுக்க இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022–23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205. அவற்றில் 95 பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. இவை உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு, 2024 ஜனவரி 12 தீர்ப்பில் பதிவான எண்கள். முதன்முறை படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்துத் தீர்ப்பின் நகலை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.

ஏன் இப்படி என்பது எனக்கு ஒரு பெண்மணி மூலம் புரிந்தது. அவர் என்னிடம் இழப்பீடு கேட்டு வரவில்லை. வாரிசுச் சான்றிதழில் மாமியார் பெயர் விட்டுப்போனதைச் சரிசெய்யத்தான் வந்தார். கணவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வேலைக்குப் போகும்போது அடிபட்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோய், மூன்றாம் நாள் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. “கேஸ் என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“வண்டி கெடைக்கலன்னு சொல்லி முடிச்சிட்டாங்க சார். ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க.”

“அதுக்கு அரசாங்கப் பணம் இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“வண்டியே கெடைக்கலியே, யாரு சார் குடுப்பாங்க?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இடித்தவன் கொடுக்க வேண்டும். இடித்தவன் யாரென்று தெரியாதபோது கேட்க ஆள் இல்லை. ஊர் நியாயம் அப்படித்தான் போகும். சட்டம் அதற்கு மேலே ஒரு படி போயிருக்கிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டிய இடம் காவல் நிலையம். வழக்கை முடிக்கிற அந்தத் தாளைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. அந்த நிலையத்தாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; இப்படி ஒரு திட்டம் இருப்பதே அங்கே எழுத்து வேலை பார்க்கிற ரைட்டருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவருக்காக மனுவைத் தயாரித்து நான் எடுத்துக்கொண்டு போன அலுவலகத்தில் இது எந்தப் பிரிவின் வேலை என்பதில் குழப்பம். முதியோர் உதவித்தொகைப் பிரிவா, இயற்கை இடர்ப்பாட்டு நிவாரணமா, முதலமைச்சர் நிவாரண நிதியா? திட்ட அறிவிக்கையின் நகலைக் கையில் கொண்டுபோயிருந்ததால் காட்டினேன். ஓர் இளம் உதவியாளர் முழுக்கப் படித்துவிட்டு, “சார், இது நாங்கதான் பண்ணணும்” என்று எழுந்து போய்த் தானே கோப்பு போட்டார். அப்படி ஒருவர் கிடைத்தது அந்த அம்மாவின் அதிர்ஷ்டம். உரிமை என்று சட்டம் எழுதியதை அடைய அதிர்ஷ்டம் தேவைப்படுவதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொரு சிக்கல். விபத்து தமிழ்நாட்டில், பிரேதப் பரிசோதனை புதுச்சேரியில். இரண்டு நிர்வாகங்களின் தாள்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இறந்தவர் பெயரில் ஓரிடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். இந்த வகைத் திருத்தங்களுக்கே பெரும்பாலான நாள் போகும். எங்கள் மாவட்டத்தில் வழக்கு நடத்துகிற யாரும் இதற்குப் பழகியிருப்பார்கள்.

கடைசியில் உறுதிமொழிப் படிவம். பிற்பாடு வண்டி அகப்பட்டு, தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகையைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். “அப்ப வண்டி கெடச்சா இதத் திருப்பிக் குடுக்கணுமா சார்? செலவாயிருந்தா?” என்றார். “பெரிய தொகை வந்தாத்தாம்மா. அதுல இந்த ரெண்டு லட்சத்தக் கழிச்சுக்குவாங்க. கையில இருந்து எடுத்துக் குடுக்க வேண்டியதில்ல” என்று விளக்கிய பிறகே போட்டார். பணம் வந்தது. அவருடைய கணவரின் வண்டிக்குப் பாலிசி உயிரோடு இருந்திருந்தால், வண்டி உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டில் பதினைந்து லட்சம் கேட்டிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தோடு இருந்த பாலிசி எப்போதோ காலாவதி. நம்பர் இல்லாத வழக்கில் நான் இரண்டாவதாகக் கேட்கிற கேள்வி அது. செத்தவரின் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா?

2024 தீர்ப்பு வந்த பிறகு எங்கள் வேலையில் ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கு அது. முறிந்த எலும்புகளை நாள்தோறும் பார்க்கிற ஒரு மருத்துவர் நீதிமன்றத்துக்குப் போனதால் இந்த நாட்டின் சாலை விதிகளில் பல மாறியிருக்கின்றன. அந்த வழக்கில் நீதிபதிகள் அபய் ஓகாவும் பங்கஜ் மித்தலும் தெளிவாகச் சொன்னார்கள்: வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டியின் விவரம் தெரியவில்லை என்றால், இந்தத் திட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கலாம் என்பதைக் காவல் நிலைய அதிகாரி காயம்பட்டவருக்கோ வாரிசுக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விசாரணை அலுவலரின் முகவரியையும் தர வேண்டும். விபத்து அறிக்கையை விசாரணை அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்புக் குழு, அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் அமைப்பாளர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டம்.

‘எழுத்து மூலம்’ என்பதுதான் இதில் உயிர்நாடி. வாயால் சொன்னேன், அவர்கள் வரவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. வண்டி கிடைக்கவில்லை என்ற சேதியோடு யாராவது வந்தால், “ஸ்டேஷன்ல இருந்து லெட்டர் வந்துச்சா?” என்று கேட்கிறேன். வரவில்லை என்றால் தீர்ப்பின் நகலை இணைத்து ஒரு மனு எழுதித் தருகிறேன். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை; இரண்டு லட்சத்தில் வக்கீல் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் வண்டியை ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பதை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளவும் கூடாது. முதல் வாரம் முக்கியம். பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, சாலையோர ஓட்டல்களின் கேமரா பதிவுகள் நெடுநாள் தங்காது. பழையதன் மேல் புதியது ஏறிவிடும். உடைந்த ஹெட்லைட் கண்ணாடித் துண்டு, பக்கக் கண்ணாடியின் மூடி, சைக்கிளில் ஒட்டிய பெயின்ட் ஆகியவற்றை அன்றே எடுத்து வைத்தால் வண்டியின் மாடல்வரை போகலாம். திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகை, உள்ளூர்த் தகராறு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சார்பு ஆய்வாளரால் இதைச் செய்ய முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு ஆள் கிடையாது. ஆனால் அந்த ஆள் பற்றாக்குறைக்கான விலையை முப்பது லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் உள்ள வித்தியாசமாக ஒரு விதவை கட்டுகிறார்.

மருத்துவமனையில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது எழுதுகிற ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் அதே அளவு முக்கியம். கூட்டி வந்தவர் பதற்றத்தில் “வண்டியில போகும்போது விழுந்துட்டாரு” என்று சொல்லியிருப்பார். அவசரப் பிரிவில் இருக்கிறவர் ‘தானாகச் சறுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிடுவார். பிறகு எந்தச் சாட்சி வந்தாலும் அந்த ஒரு வரி எதிரே வந்து நிற்கும். தானாக விழுந்தவருக்கு இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கான இழப்பீடு கிடையாது. 108இல் ஏற்றிவிடுகிற நல்லவர்கள், “ஏதோ வண்டி இடிச்சிட்டுப் போயிடுச்சு” என்ற ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொன்னால் போதும்.

தொகை வித்தியாசம் இப்படி மலையும் மடுவுமாக இருப்பதால் வருகிற இன்னொரு கேட்டையும் சொல்லியாக வேண்டும். துக்க வீட்டுக்கு மூன்றாம் நாளே ஒருவர் வருவார். “நம்பர் இல்லன்னா என்ன, இன்சூரன்ஸ் இருக்குற வண்டி ஒண்ணு செட் பண்ணிடலாம். டிரைவர் ஒத்துக்குவான்” என்பார். நடக்காத விபத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற இந்தத் தொழிலைப் பற்றித் தெரியாத விபத்து வழக்கு வக்கீல் இருக்க முடியாது. நான் அதைத் தொட்டதில்லை; தொடுகிறவர்களோடு உறவு வைத்துக்கொள்வதுமில்லை. இதனால் அடிபடுவது உண்மையான வழக்குகள்தான். நிஜமாகவே இருபது நாள் கழித்து வண்டி அகப்பட்ட வழக்கிலும், ‘முதல் தகவல் அறிக்கையில் நம்பர் இல்லை, பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள், இது நட்டு வைத்த வண்டி’ என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். பாதி நேரம் அந்தச் சந்தேகத்தைப் போக்குவதிலேயே விசாரணை போகும். நியாயமான தொகை நேர்வழியில் கிடைக்கும் என்றால் அந்தத் தரகருக்குத் துக்க வீட்டில் வேலை இருக்காது.

நம்பர் தெரிந்தும் ஒன்றும் கிடைக்காத குடும்பங்கள் இன்னொரு வகை. இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. பெரும்பாலும் பழைய மோட்டார் சைக்கிள். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை வாங்கும்போதே எடுக்க வேண்டும் என்று ஆனது. அதுவும் ராஜசேகரன் வழக்கில் வந்த உத்தரவால்தான். அந்த ஐந்தாண்டு முடிந்த பிறகு எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள்? தீர்ப்பாயம் வண்டிக்காரர் மேல் பதினைந்து லட்சம் தீர்ப்பளிக்கும். வண்டிக்காரரும் கூலி வேலை செய்பவர். ஆட்சியர் மூலம் நில வரிப் பாக்கி போல வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வசூலிக்க அவரிடம் நிலம் இருந்தால்தானே? காப்பீடு இல்லாத வண்டியை ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உஷா தேவி வழக்கில் சொன்னது. நிலையத்தின் பின்னால் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறிய வண்டி இரும்பு விலைக்குத்தான் போகும்.

இவர்களுக்கு அந்த இரண்டு லட்சமும் கிடையாது. வண்டி அடையாளம் தெரியாதிருந்தால்தான் திட்டம் பொருந்தும். வண்டி தெரிந்துவிட்டது, ஆகவே கிடையாது. என்னிடம் வந்த ஒரு தகப்பனாருக்கு இதை விளக்கியபோது, “அப்ப அவன் ஓடிப்போயிருந்தாத் தேவல போல இருக்கே சார்” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. பிரிட்டனில் 1946இலேயே காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ என்ற அமைப்பை ஏற்படுத்தின. காப்பீடு இல்லாத வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கு அது பணம் தந்தது. அடையாளம் தெரியாத வண்டிக்கான ஏற்பாடு 1969இல் சேர்ந்தது. முக்கியமான விஷயம், அங்கே தொகை தலைக்கு இவ்வளவு என்று கட்டி வைக்கப்பட்டதல்ல; பாதிப்பைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. நமது பழைய 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டுப் பகுதியே பிரிட்டிஷ் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான். பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். இப்போது நமக்கும் மோட்டார் வாகன விபத்து நிதியம் என்று சட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. அதற்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் செலுத்துகின்றன. அது நாம் எல்லோரும் கட்டுகிற பிரீமியம்தான். சாலையில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரும் சேர்ந்து, சாலையில் அடிபட்டவரைக் கைவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. யாரும் தருமம் செய்யவில்லை. காப்பீடு இல்லாத வண்டியால் செத்தவரின் குடும்பத்தையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். தீர்ப்பாயம் கணக்கிடுகிற முறையிலேயே தொகையும் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றமே 2024இல் இந்தத் தொகைகளை ஆண்டுதோறும் உயர்த்துவதைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசைக் கேட்டது.

கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் என்பதுதான் என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. எந்தக் காயம் கொடுங்காயம் என்பதற்குக் குற்றவியல் சட்டத்தின் விளக்கமே இங்கும் பொருந்தும். எலும்பு முறிந்தாலும் கொடுங்காயம், கண் போனாலும் கொடுங்காயம், கால் போனாலும் கொடுங்காயம். எல்லாவற்றுக்கும் ஒரே தொகை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்து, பொங்கலுக்கு ஊர் வந்தபோது நிற்காமல் போன வண்டியில் அடிபட்ட ஓர் இளைஞனுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். தீர்ப்பாயமாக இருந்தால் அவன் தொழிலுக்கு அந்தக் கால் எவ்வளவு தேவை என்று பார்க்கும்; 2010இல் ராஜ்குமார் வழக்கு அந்த வழியைத்தான் காட்டியது. நின்றுகொண்டே தைக்கிற, தூக்கிப் போடுகிற வேலை அவனுடையது. இங்கே அதைப் பார்க்க ஆளில்லை. விரல் எலும்பு முறிந்தவருக்கும் அவனுக்கும் ஒரே படிவம், ஒரே தொகை.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை நிலைமை முன்னைவிட எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவர் என்றுகூடப் பார்ப்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். நகையை அடகு வைக்க அலைகிற காட்சி குறைந்திருக்கிறது. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிற வாழ்க்கைக்குத்தான் இன்னும் ஏற்பாடு போதவில்லை.

இதைப் படிக்கிறவர்களின் தெருவிலோ உறவிலோ வண்டி அகப்படாத விபத்து நடந்திருந்தால், 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்ததென்றால், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே வழி தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100க்குப் போன் செய்யலாம். காவல் நிலையத்திலிருந்து கடிதம் வரவில்லை என்பதையும் அங்கே தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர்.